புதிய இயந்திரமா, பழைய இயந்திரமா? மரப்பட்டறை கேள்வி பதில்

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் கூலிக்குத் தச்சு வேலை பார்த்த பிறகு இப்போது சொந்தமாகப் பட்டறை போடுகிறேன். பெரும்பாலும் நிலை, கதவு, ஜன்னல் வேலைதான் வரும். உதவிக்கு என் தம்பி இருக்கிறான். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. அறுப்பது, இழைப்பது, கனம் எடுப்பது ஆகிய மூன்றையும் செய்யும் புதிய கம்பைண்டு மெஷினுக்கு வரி தவிர்த்து 1,85,000 ரூபாய் சொல்கிறார்கள். செங்கோட்டைப் பக்கம் மூடிவிட்ட பட்டறை ஒன்றில், பழைய வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேனரையும் (மரத்தின் முகத்தை மட்டமாக இழைப்பது) திக்னஸ் பிளேனரையும் (பலகையை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவது) சேர்த்து 90,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். திக்னஸ் பிளேனரில் மரத்தை இழுக்கும் உருளைகள் தேய்ந்திருப்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். எதை வாங்குவது?
– ஒரு வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: எத்தனை வேலைக்கு இப்போது முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வியே அதுதான். தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருக்கும் வீட்டுக்குக் கதவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், பழைய இயந்திரம் தேடி அலைவதற்கும், வாங்கியதைப் பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி ஓட வைப்பதற்கும் உங்களுக்கு நாள் இருக்காது. அந்த நிலையில் புதியதை வாங்கி மறுநாளே வேலையைத் தொடங்குவதுதான் சரி. இரண்டு மாதம் பொறுக்க முடியும் என்றால் பழையதைப் பற்றிப் பேசலாம். நீங்கள் பொறுக்க முடிந்தவர் என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

கம்பைண்டு மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். இருநூறு முந்நூறு சதுர அடிக் கொட்டகையில் ஒருவர் மட்டும் வேலை செய்தால் அதைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் நீங்கள் இருவர். பெரும்பாலான கம்பைண்டு மெஷின்களில் ஒரே மோட்டார்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது என்பதால், நீங்கள் நிலைக்கட்டையை இழைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் தம்பி அறுக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அதோடு, விலை குறைந்த புதிய இயந்திரங்கள் பலவற்றின் உடல் வளைத்துப் பற்றவைத்த தகட்டால் ஆனது. வேங்கை, கோங்கு போன்ற கெட்டி மரத்தை அகலமாக இழைக்கும்போது தகட்டு உடல் அதிரும். அந்த அதிர்வு மரத்தின் முகத்தில் சிறு சிறு அலைகளாகப் பதியும். வார்ப்பிரும்பு தன் எடையாலும் தன்மையாலும் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். நன்றாக வார்த்த இரும்புப் படுகை (மரத்தை வைத்துத் தள்ளும் மேசை) இருபது முப்பது ஆண்டு உழைத்த பின்னும் தன் மட்டத்தை எளிதில் இழப்பதில்லை. இரும்பைப் பழையதாக வாங்கலாம், மின்சாரம் ஓடும் பாகத்தைப் புதிதாகப் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஆனால் எந்தப் பழைய இரும்பையும் நம்பி வாங்கிவிடக் கூடாது. செங்கோட்டைக்குப் போகும்போது நான்கு அடி நீளமுள்ள நேரான அலுமினிய மட்டம் ஒன்று, ஒரே அகலத்தில் இழைத்த இரண்டு நேர்க்குச்சிகள், எழுதும் தாள் நான்கைந்து துண்டு, ஒரு சிறு சுத்தியல், ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சர்ஃபேஸ் பிளேனரின் முன்படுகையில் ஒரு குச்சியையும் பின்படுகையில் மற்றொன்றையும் குறுக்காக வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குச்சியின் மேல்விளிம்பை மற்றொன்றின் மேல்விளிம்போடு ஒட்டிப் பாருங்கள். பலகையில் முறுக்கு பார்ப்பது போலத்தான். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் படுகைகளில் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் தெரிந்தால், அந்த இயந்திரத்தில் இழைக்கும் ஒவ்வொரு சட்டமும் முறுக்கோடுதான் வெளியே வரும். அதில் செய்த கதவு நிலையில் ஒருபோதும் சரியாக உட்காராது. அடுத்ததாக, இரண்டு படுகையையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, மட்டத்தை நீளவாக்கில் வைத்து அடியில் தாளைச் செருகிப் பாருங்கள். எழுதும் தாளின் பருமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள் இறுக்கமாக நுழைந்தால் கவலையில்லை. மூன்று தாளைச் சேர்த்துச் செருகியும் தளர்வாகப் போய்வந்தால், படுகையைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மேலே படிந்த துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் இருந்தால் ஒரு நாளில் போய்விடும். பயப்பட வேண்டியது விரிசலுக்குத்தான். நான் பட்டறை தொடங்கிய காலத்தில், கைமாற்று வியாபாரி ஒருவரிடம் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்த திக்னஸ் பிளேனர் ஒன்றை வாங்கினேன். பத்தாவது நாள் வேங்கைப் பலகை ஒன்றை உள்ளே விட்டபோது படுகையைத் தாங்கும் கையிலிருந்து படீரென்று சத்தம் வந்தது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால், போல்ட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது; அதற்குள் கார்களுக்குப் பூசும் பட்டியை அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங்கால் நம்பும்படி ஒட்ட முடியாது. அந்தப் பணம் போனது போனதுதான். அன்று முதல், புதுப் பெயின்ட் அடித்த பழைய இயந்திரத்தைக் கண்டாலே போல்ட் துளைகளைச் சுற்றி ஆணியால் சுரண்டிப் பார்க்காமல் நான் பேச்சைத் தொடங்குவதில்லை. சுத்தியலால் மெல்லத் தட்டினால் முழு இரும்பு மணி போல ஒலிக்கும். விரிசல் உள்ள இடம் உடைந்த பானை போல மந்தமாக ஒலிக்கும். அழுக்கும் கிரீஸும் படிந்த, பெயின்ட் உதிர்ந்த இயந்திரம் ஒருவகையில் நேர்மையானது. அதில் மறைக்க எதுவும் இல்லை.

பிறகு, மின்சாரம் நிறுத்தப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிளேடுகள் பொருத்திய கட்டர் பிளாக்கைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைவது போல விரலுக்கு உறுத்தினால் பேரிங் போயிருக்கிறது. இது விலையைக் குறைக்கக் காரணமே தவிர, வேண்டாம் என்று சொல்லக் காரணம் அல்ல. வழக்கமான பேரிங் எந்த ஊரிலும் கிடைக்கும். தண்டு பேரிங் உள்ளேயே சுற்றித் தேய்ந்து, அச்சோடு மேலும் கீழும் ஆடினால் அது பெரிய செலவு. கட்டர் பிளாக் சதுரமா, உருளையா என்பதையும் பாருங்கள். மிகப் பழைய இயந்திரங்களில் சதுரப் பிளாக் இருக்கும். அதன் மூலைகளுக்கும் படுகை விளிம்புக்கும் இடையில் உள்ள அகன்ற வாய்க்குள் விரல் போனால் முழுவதையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு விரல் இழந்த தச்சர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். சதுரப் பிளாக் உள்ள இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 21-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அப்படிப்பட்ட சட்டம் வராமல் போகலாம். விரல் எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய இயந்திரங்களில் கட்டருக்கு மேலே இருக்க வேண்டிய மூடி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதைச் செய்து மாட்டும் செலவை முதல் நாளிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். மூடிக் கிடந்த பட்டறையின் மோட்டார் மழைக்காலத்தில் ஈரம் குடித்திருக்கும். எத்தனை முறை காயில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப்போய் 500 வோல்ட் மெக்கரால் (மின்கசிவு பார்க்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடலுக்கும் இடையே 1 மெகா ஓம் கூடக் காட்டாவிட்டால் மோட்டாருக்குக் கணக்கில் ஒரு ரூபாயும் வைக்காதீர்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டையும் படியுங்கள். நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் மோட்டாரில் 5 அங்குலப் புல்லியும், கட்டரில் 3 அங்குலப் புல்லியும் இருந்தால் கட்டர் 4800 சுற்று ஓடும். மூல மோட்டார் எரிந்தபோது யாரோ கையில் கிடைத்த 1440 சுற்று மோட்டாரை மாட்டியிருந்தால் அதே கட்டர் 2400 சுற்றுதான் ஓடும். இழைத்த முகம் அலை அலையாக வரும். இயந்திரமே கெட்டுவிட்டது என்று நினைத்து அப்படிப்பட்டவற்றைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தகட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல வாய்ப்பு.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். புதிய இயந்திரத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,85,000 ரூபாயோடு 33,300 ரூபாய் கூடி 2,18,300 ஆகிறது. நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்து வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்தால் அந்த 33,300 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லை என்றால் அது செலவுதான். பழையவற்றில் சர்ஃபேஸ் பிளேனரை மட்டும் கேளுங்கள். 50,000 ரூபாய்க்குப் படிந்தால், புதிய 3 எச்.பி. மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் 20,000, பேரிங், பெல்ட், புதிய பிளேடு, மூடி ஆகியவற்றுக்கு 8,000, ஏற்றி இறக்கி நிறுத்த 8,000 என்று 86,000 ரூபாயில் முடியும் என்பது என் மதிப்பீடு. மீதமுள்ள பணத்தில் தனி மோட்டாரோடு புதிய சர்க்குலர் சா மேசை ஒன்றை வாங்குங்கள். நீங்களும் தம்பியும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். மும்முனை மின் இணைப்புக்கும் முதல் கொள்முதல் மரத்துக்கும் கையில் பணம் மிஞ்சும்.

திக்னஸ் பிளேனரை விட்டுவிடுங்கள். உருளை தேய்ந்தது என்று அவர்களே சொன்னால், உருளையை ஓட்டும் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தயாரிப்பு நின்றுபோன மாடலுக்குப் பல்சக்கரம் வெட்டி வாங்குவது பணத்தையும் நாளையும் சேர்த்துத் தின்னும். முதல் ஓராண்டுக்குக் கனம் எடுக்கும் வேலையை மட்டும் பக்கத்தில் உள்ள மர இழைப்பகத்தில் கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். மாதாமாதம் அங்கே எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். அந்தத் தொகை புதிய திக்னஸ் பிளேனரின் மாதத் தவணையைத் தொட்டுவிட்டால் அப்போது வாங்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். மூடிய பட்டறை என்றால் அதன் மேல் வங்கிக் கடன் இருக்கக்கூடும். அந்த இயந்திரம் எந்தக் கடனுக்கும் ஈடாக இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, ரசீதோடு பணம் கொடுங்கள். ஏற்றும்போது படுகைகளில் கயிறு கட்டித் தூக்க விடாதீர்கள். அடிச்சட்டத்தில் கட்டித்தான் தூக்க வேண்டும். படுகையில் பாரம் விழுந்தால், நீங்கள் குச்சி வைத்துப் பார்த்த நேர்மை உங்கள் பட்டறைக்கு வந்து சேராது. வந்த பிறகும் ரசமட்டம் வைத்து நிறுத்தி, குச்சிச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: கோவையில் மாடுலர் கிச்சன் செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகள்தான் எங்கள் பொருள். ஸ்லைடிங் பேனல் சா (நகரும் மேசையோடு பலகை அறுக்கும் இயந்திரம்), எட்ஜ் பேண்டர் (பலகை விளிம்பில் பட்டை ஒட்டும் இயந்திரம்) இரண்டையும் பழையதாக வாங்கலாமா? ஒரே இடத்தில் இரண்டும் கிடைக்கின்றன.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பேனல் சாவைப் பார்க்கலாம், எட்ஜ் பேண்டரைப் புதிதாக வாங்குங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஒரே மாதிரியானவை என்று எண்ண வேண்டாம்.

பேனல் சாவில் பார்க்க வேண்டியது நகரும் மேசையின் ஓட்டம்தான். மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு விரலால் தள்ளுங்கள். நடுவில் எங்காவது தட்டினாலோ கனத்தாலோ தண்டவாளம் தேய்ந்திருக்கிறது. பிறகு உங்கள் பலகைகள் இரண்டைக் கொண்டுபோய், இரண்டிலும் ஒரே பக்க விளிம்பை முழு நீளத்துக்கு வெட்டியெடுத்து, மேசைமேல் நின்ற இரண்டு பலகையில் ஒன்றைப் புரட்டி மற்றொன்றோடு வெட்டிய விளிம்பு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டில் வளைவு இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். பெரிய பிளேடுக்கு முன்னால் அடிப்பக்கத்தில் கோடு போடும் சிறு பிளேடு, பெரிய பிளேடின் கோட்டிலேயே ஓடுகிறதா என்றும் பாருங்கள். லேமினேட் பலகையின் அடிமுகம் சிதறாமல் வருவது அதைப் பொறுத்தது.

எட்ஜ் பேண்டர் அப்படியல்ல. பசையை ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடாக்கும் கலம், அதன் வெப்பநிலையைக் காக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, காற்றழுத்தத்தில் இயங்கும் வெட்டிகள், சென்சார்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி வேலை செய்பவை. இவற்றுள் ஒன்று நின்றால் முழு வேலையும் நிற்கும். அப்போது உங்களுக்கு வேண்டியது உதிரி பாகமும், அன்றைக்கே வரக்கூடிய சர்வீஸ் ஆளும். அவை இரண்டும் புதிதாக வாங்குபவருக்குத்தான் உறுதியாகக் கிடைக்கும். பணம் போதாமல் பழையதைத்தான் வாங்க வேண்டும் என்றால், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய் நின்று, சூடேறுவதிலிருந்து பாருங்கள். பசைக்கலத்தின் உள்ளே பசை கருகிக் கரியாகப் படிந்திருந்தால் கைவிடுங்கள். உங்கள் பலகையில் 0.8 மில்லிமீட்டர் பட்டையும் 2 மில்லிமீட்டர் பட்டையும் ஒட்டி எடுத்து, ஆறியபின் பிடுங்கிப் பாருங்கள். பலகையின் நாரையும் சேர்த்துக்கொண்டு வந்தால்தான் ஒட்டு நல்ல ஒட்டு.

கேள்வி: அரசு மானியக் கடனில் பழைய இயந்திரம் வாங்க முடியுமா? எனக்கு வயது 41, மரவேலையில் இருபது ஆண்டு அனுபவம்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மானியத் திட்டங்களில் விற்பனையாளரின் விலைப்புள்ளியும் பிறகு பில்லும் கேட்பார்கள் என்பதால், நடைமுறையில் அவை புதிய இயந்திரத்துக்கே பொருந்தும். தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மர வேலைப்பாடு உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. 35 வயது நிறைந்தவர்களுக்கான திட்டம் என்பதால் உங்கள் வயது தடையில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு, அதன் பிறகே எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுங்கள். முன்பே வாங்கிவிட்ட இயந்திரத்தைக் காட்டி மானியம் கேட்க முடியாது.

மானியம் இங்கே கணக்கையே மாற்றிவிடுகிறது. 2 லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு 50,000 ரூபாய் மானியம் கிடைத்தால், புதியது 1,50,000 ரூபாய்க்கு வந்தது போல ஆகிறது. அதே வகைப் பழைய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவு சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு வாங்குவதை விட, உத்தரவாதத்தோடு வரும் புதியதற்கு 30,000 ரூபாய் கூடக் கொடுப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். மானியக் கடனைப் புதிய இயந்திரத்துக்கு வைத்துக்கொண்டு, பேண்ட் சா (பட்டை ரம்பம்) போன்ற முழு இரும்பு இயந்திரத்தைச் சேமிப்புப் பணத்தில் பழையதாக வாங்குவது உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு நன்றாக ஒத்துவரும்.

கேள்வி: நல்ல பழைய இயந்திரங்கள் விற்பனைக்கு வருவதை எங்கே தெரிந்துகொள்வது? நான் போகும் இடமெல்லாம் எனக்கு முன்பே விற்றுவிடுகிறது.
– ஒரு வாசகர், இராஜபாளையம்

பதில்: உங்கள் ஊரில் இழைப்பு பிளேடும் ரம்பமும் சாணை பிடிப்பவரிடம் சொல்லி வையுங்கள். எந்தப் பட்டறையில் பிளேடை ஒழுங்காகத் தீட்டி ஓட்டுகிறார்கள், எங்கே உடைந்த பிளேடோடு ஓட்டி இயந்திரத்தைச் சாகடிக்கிறார்கள், யார் தொழிலை விடப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்த அளவு இயந்திர வியாபாரிக்கும் தெரியாது. நான் வாங்கிய மூன்று பழைய இயந்திரங்களில் இரண்டு அப்படி வந்தவை. இரண்டும் இன்றும் ஓடுகின்றன. அரசு நிறுவனங்களின் கழிவு இயந்திரங்கள் பல, மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்தில் வருகின்றன. அங்கே 'உள்ள இடத்தில், உள்ளபடியே' என்ற நிபந்தனையில் விற்பார்கள். பிறகு புகார் சொல்ல இடமில்லை. பார்வையிடக் குறித்த நாளில் நேரில் போய், ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லாவிட்டாலும் குச்சிச் சோதனையையும் சுத்தியல் சோதனையையும் செய்துவிட்டு வாருங்கள். அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை.